வெள்ளைப் பூச்சாடியும் பனி மோடும்

காமிரா தவறு செய்யாது என்று அந்த நாள்களில் எங்கள் குடும்பம் நம்பியது. ‘ஆட்டோ’ என்ற இடத்தில் திருகுவட்டத்தை வைத்துவிட்டால் வெளிச்சம், தூரம் எல்லாவற்றையும் அதுவே அளந்துகொள்ளும். மனிதர் குறுக்கிடாத இடத்தில் பிழை எப்படி நுழையும்? மங்கலம்பேட்டையில் துபாய்ச் சாமான் விற்பவரிடம் வாங்கிய அந்த டிஜிட்டல் காமிராவுக்கு நானே பொறுப்பாளர். வீட்டில் ஆங்கிலக் கையேட்டைப் படிக்கக்கூடியவள் நான்தான். முன்னுரையை மட்டும் படித்துவிட்டு முழு நூலையும் பற்றிப் பேசும் பழக்கம் எனக்கு உண்டு. கையேட்டையும் அவ்விதமே கரைத்துக் குடித்திருந்தேன்.

விருத்தாசலத்தில் இருந்த எங்கள் பீங்கான் பட்டறையிடம் புதுச்சேரிக் கடை ஒன்று முதன்முதலாக வெள்ளைப் பூச்சாடி கேட்டிருந்தது. படம் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. மாமனாரின் வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்து, அதன் முன் சாடியை வைத்துப் படமெடுத்து, பஸ் ஸ்டாண்டு அருகிலிருந்த பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பினேன். கடைக்காரர் என் கணவருக்குப் போன் செய்தார்.

“வெள்ளைன்னுதான கேட்டோம். இது சாம்பல் கலரா இருக்குதுங்களே.”

மாமனாருக்கு அப்போதுதான் கண்புரை அறுவை முடிந்திருந்தது. சாடியைப் பார்த்தார். காமிராவின் சிறு திரையைப் பார்த்தார்.

“எனக்கு வெள்ளயாத்தான் தெரியுது. ஆபரேசன் பண்ண கண்ணு, நம்ப முடியாது. இனிமே கிளேஸ நீயே கலந்துக்கப்பா” என்று மகனிடம் சொல்லிவிட்டுப் பட்டறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

எங்கள் கண்களுக்கும் சாடி வெள்ளையாகத்தான் தெரிந்தது. ஆனால் இயந்திரத்துக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. கணவர் கிளேஸ் என்கிற மேற்பூச்சைப் புதிதாகக் கலந்து, மறுபடி சூளை ஏற்றினார். படத்தில் மறுபடியும் சாம்பல். பின்னாலிருந்த வேட்டியும்தான் சாம்பலாக இருந்தது. அதைக் கண்டு நான் துணி சோப்பை மாற்றினேன்.

மாமனார் பட்டறைப் பக்கமே போகாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க மாட்டாமல் கையேட்டுக்குள் ஒளிந்துகொண்டேன். திருகுவட்டத்தில் ‘ஸ்நோ’ என்றிருந்த பனி மோடு பற்றிய பக்கத்தை, விருத்தாசலத்துக்கு இது எதற்கு என்று முன்பு தாண்டியிருந்தேன். எங்கும் வெண்மையாக இருந்தால், வெளிச்சம் மிகுதி என்று எண்ணிக் காமிரா அதைக் குறைத்துவிடும், பனி சாம்பலாகப் பதியும், அதைச் சரிசெய்யவே இந்த மோடு என்று அங்கே எழுதியிருந்தது.

கொளுத்தும் வெயிலில், பனி மோடில், முதல் சாடியையே மீண்டும் எடுத்தேன். சாடியும் வேட்டியும் வெள்ளையாக வந்தன.

“மாமா, நீங்க கிளேஸ் கலந்த மொத சாடிதாங்க இது.”

நெடுநேரம் பார்த்தார். “அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்குதா?”

“நல்லா இருக்குதுங்க.”

“மிஷினுக்குத்தான் புரையா?”

“மிஷினுக்கு இல்லப்பா, அத வச்சிருந்த ஆளுக்கு” என்று உள்ளிருந்து கணவரின் குரல் வந்தது.

மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார். படம் புதுச்சேரிக்குப் போனது, ஆர்டரும் வந்தது. அவர் இருந்தவரை கிளேஸை வேறு யாரும் கலக்கவில்லை. இப்போது கணவர் கலக்கிறார். வெள்ளை சரிதானா என்று பார்த்துச் சொல்ல நான் இருக்கிறேன்.