கொப்பியில் பார்த்தெழுதிய பட்டியல்

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப்பிழைகளைப் பொறுத்து வாசியுங்கள். ஆங்கிலத்தில் ஏ, சி, ஜி, ரி என்ற நான்கு எழுத்துகளை மட்டும் அச்சுப்போல எழுதுவேன். அதற்குக் காரணம் மிஸ்.

சண்டைக் காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஓர் ஆய்வுகூடத்தில் நான் கூலியாள். அங்கே இறால் நோயை ஆராய்ந்தவரைத்தான் மிஸ் என்போம். உயிர்களின் மரபெல்லாம் அந்த நான்கு எழுத்துகளில் இருக்கிறது, குறித்த எழுத்து வரிசையைக் கண்டால் அங்கே மட்டும் வெட்டும் நொதிகள் உண்டு என்று விளங்கப்படுத்தினார். எந்த நொதி எங்கே வெட்டும் என்ற பெரிய பட்டியல் கணினியில் இருந்தது. மின்சாரத்தை நம்ப முடியாததால், அது வரும் நேரங்களில் பட்டியலைக் கொப்பியில் பார்த்தெழுதச் சொன்னார். எனக்கு இங்கிலிஷ் தெரியாதே என்றேன்.

“அதுதான் நல்லம் தம்பி. தெரிஞ்சவன் எண்டால் திருத்திப்போடுவான்.”

நொதிக் குழாய்கள் கடுங்குளிரில் இருக்கவேண்டும். ஒருமுறை மூன்று நாள் மின்சாரம் இல்லை. மீன்வாடியில் ஐஸ் வாங்கி, உப்புப் போட்டு, குழாய்களை அடுக்கினேன். நல்ல ஐஸில் மீன் கட்டையாகிவிடும். மறுநாள் பார்த்தால் குழாய்களுக்குள் தண்ணீராகவே இருந்தது. பழுதாகிவிட்டதென்று மேல்வரிசையில் இருந்த ஆறு குழாய்களையும் ஊற்றிக் கழுவிவைத்தேன்.

மிஸ் வந்து பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். “அது உறையாது தம்பி. உறையாமல் இருக்கத்தான் கிளிசரின் கலந்திருக்கு.”

வெளிநாட்டுப் படிப்புக்குப் போகுமுன் அவர் முடிக்கவேண்டிய கடைசிச் சோதனைக்குரிய நொதியும் அதில் போயிருந்தது. புதிதாக எடுப்பித்தால் சோதனைச்சாவடிகளில் கிடந்தே கெட்டுவிடும். பிறகு என் கொப்பியை விரித்து வரிவரியாக விரலை ஓட்டினார். அதே எழுத்துகளில் வெட்டும் இன்னொரு நொதியின் பெயர் அதில் இருந்தது. மிஞ்சிய குழாய்களில் அதுவும் ஒன்று.

சோதனை முடிந்தது. அந்த மாதமே அவர் புறப்படலாம் என்றானது. ஓரெழுத்தைப் பிழையாக எழுதியிருந்தால் இன்னும் சில மாதம் இருந்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

போகும் நாளில் கொப்பியை ஞாபகத்துக்குக் கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் எழுதக் கிடக்கு மிஸ். முடிச்சு அனுப்புறன்.”

எழுதி முடித்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. அவர் விலாசத்தை எழுதிக் கொப்பிக்குள் வைத்தார்.

இப்போது அந்தப் பட்டியலைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். எத்தனையோ புதிய பெயர்கள் சேர்ந்துவிட்டன. அன்று மிஸ்ஸின் விரல் நின்ற அந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்தேன். நான் எழுதியபடியேதான் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் கொப்பியை அனுப்புவதென்றுதான் பேனாவை எடுத்தேன். கொப்பி இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது.

மாசி மாதம் 9ஆம் திகதி.