ரெண்டு கட்டை, ஆறு கட்டை

எந்தப் பொருளின் பலத்தையும் அப்பா கட்டையை வைத்துத்தான் அளப்பார். கட்டை என்றால் பேட்டரி. ரெண்டு கட்டை டார்ச் கொல்லைப்புறம் போய்வர, மூணு கட்டை தெருமுனை வரைக்கும், அஞ்சு கட்டை என்றால் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் கையில் இருக்க வேண்டியது. யாராவது புது ரேடியோ வாங்கியதாகச் சொன்னால் எத்தனை ஸ்டேஷன் எடுக்கும் என்று கேட்க மாட்டார். "எத்தனை கட்டை?" என்பார். எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் கேட்டார்கள்.

அவரிடமும் ஓர் அஞ்சு கட்டை டார்ச் இருந்தது. பாபநாசத்து நீர்மின் நிலையத்தில், மின்சார ஆபீசில் வேலை பார்த்த காலத்தில், குடியிருப்பு வாசலுக்குக் காட்டுப்பன்றி வருகிறதென்று வாங்கியது. வண்ணார்பேட்டைக்கு மாற்றலாகி வந்த பிறகு பன்றியாவது ஒன்றாவது. வாசலில் டவுன் பஸ்தான் உறுமிக்கொண்டு போகும். இருந்தாலும் டார்ச்சுக்குத் தோல் உறை போட்டு, பட்டன் மாட்டி, பீரோவுக்கு மேலே வைத்திருந்தார். அவசரத்துக்கு மட்டும்தான் எடுக்க வேண்டும். எது அவசரம் என்பதை அவர்தான் முடிவு செய்வார். எனக்கு நினைவு தெரிந்து அப்படி ஓர் அவசரம் எங்கள் வீட்டில் வந்ததே இல்லை.

இந்த டார்ச்சுக்கு நடுவே வீடியோ கேம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறபோது ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஒரு கேம் வாங்கி எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் பெட்டி, அதில் ஒரு சாம்பல் திரை. மேலிருந்து செங்கல் செங்கலாக விழும், இடைவெளி இல்லாமல் அடுக்கினால் அந்த வரிசை மறையும், அடுக்கத் தவறினால் மேலே வரை ஏறி முடிந்துவிடும். அவ்வளவுதான் விளையாட்டு. நான் ஒரு வாரம் ஆடினேன். அதற்குப் பிறகு அது அம்மாவுடையதாகிவிட்டது. பாத்திரம் கவிழ்க்கிற அலமாரியில் ஒரு கரண்டிக்குக்கூட இடம் வீணாக விடாதவள் அவள். செங்கல் அவளிடம் தப்புமா? நான் எடுத்த புள்ளிகளை, இனி போட்டியே வேண்டாம் என்று நான் எழுந்து போகிற அளவுக்குத் தாண்டிவிட்டாள். கட்டை சோர்ந்துபோனால் மாடியில் வடகத்தோடு சேர்த்து அதையும் வெயிலில் காயப்போடுவாள்.

ஆனால் அவளுக்கென்று கிடைத்த நேரம் சாயங்காலம் மட்டும்தான். விளக்கேற்றிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பு பற்றவைப்பதற்குள் கொஞ்ச நேரம். கோடை வந்தால் சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும். அந்தச் சாம்பல் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அரிக்கேன் விளக்கை அருகே வைத்தால் கண்ணாடியில் சுடர்தான் தெரியும், செங்கல் தெரியாது. அம்மா பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ஒருநாள் அப்பாவைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்குத ஆபீசுலதான் இருக்கிய. எனக்கு அரை மணி நேரம் தர முடியல" என்றாள். அப்பா செய்தித்தாளை அரிக்கேன் பக்கமாகத் திருப்பினார். இன்னொரு நாள் நான் பீரோ மேலிருந்த டார்ச்சை எடுத்து அம்மாவுக்குப் பிடித்தேன். "வெளையாட்டுக்கா எடுத்தே அதை?" என்று அப்பா போட்ட சத்தம் அடுத்த வீட்டுச் சார்வாளுக்குக் கேட்டிருக்கும்.

சார்வாள் பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். எங்கள் பக்கத்தில் வாத்தியாரைச் சார்வாள் என்றுதான் சொல்வோம். எங்களுக்கு வரும் போன் அவர் வீட்டுக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை அவர் கோயில் ஆராதனை முடிந்து வந்த கையோடு அண்ணன் போன் செய்வான், சார்வாள் மதில் வழியாகக் குரல் கொடுப்பார், நான் ஓடுவேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணன் அந்தச் செய்தியைச் சொன்னான்.

"ஏட்டி, நான் பங்குனி உத்திரத்துக்கு வாரேன். அம்மைக்கு நல்ல கேமா ஒண்ணு கொண்டாரணும். இங்கன ஒண்ணு கெடைக்கு, கலரு. ஆனா பழசு, கையில எடுத்தா கனக்கு, ஆறு கட்டை போடணும். புதுசா ஒண்ணு வரப்போவுதாம். அதுவும் கலருதான், ரெண்டே கட்டையாம். இன்னும் கடைக்கு வரல. ரெண்டுல எதுன்னு யோசிச்சு வைங்க, ஒண்ணுதான் வாங்க முடியும்."

லைன் கட்டாகிவிட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இன்னும் பிறக்காத ஒரு பொருளைப் பற்றி முதலில் தெரிந்துகொண்டவள் வண்ணார்பேட்டையிலேயே நான்தான் என்று அப்போது உறுதியாக நம்பினேன். இன்றைக்கும் அந்த நம்பிக்கையை யாரும் மறுத்து நிரூபிக்கவில்லை.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு முற்றத்தில் விசாரணை தொடங்கியது. நான், அப்பா, சார்வாள். நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன், பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. பாதிப் பக்கங்கள் கிழிந்திருந்தன. கிழியாத பாதியை நான் மனப்பாடம் செய்திருந்தேன். எட்டு பிட், பதினாறு பிட் என்று நான் பேசினால் என் வகுப்பில் பரீட்சைக்கு ஒளித்துக் கொண்டுபோகிற துண்டுச் சீட்டைச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பார்கள். சார்வாள் ஒருவர்தான் உட்கார்ந்து கேட்டார். கேட்டதோடு நிற்காமல் பெருக்கவும் செய்தார்.

"எட்டு, பதினாறு, முப்பத்திரெண்டு. டிவியில மாட்டுத கேம் இப்படித்தான வளந்துருக்கு, அண்ணாச்சி? கையில வச்சு வெளையாடுததும் அந்த வழியிலதான வரணும். இப்ப டிவியில ஓடுததெல்லாம் நாளைக்கு உள்ளங்கையில ஓடும். நான் சொல்லுதேன், எழுதி வச்சுக்கிடும்."

அப்பா தலையை ஆட்டினார். ஆமோதிக்கிற ஆட்டல் இல்லை.

"பாபநாசத்துல எவ்வளவு தண்ணி விழுதோ அவ்வளவுதான் மெஷின் சுத்தும், சார்வாள். தண்ணி கொறைஞ்சா கரண்டும் கொறையும். நான் கண்ணால பாத்தவன். ஆறு கட்டை செய்யுத வேலையை ரெண்டு கட்டை செய்யுதுன்னு அவன் சொல்லுதான். சரி, செய்யட்டும். மிச்சக் கட்டையை யாரு குடுப்பா?"

"உள்ள இருக்க சில்லு சின்னதாகச் சின்னதாகத் தீனி கொறையும்ப்பா" என்றேன்.

"தீனி கொறைஞ்சா வேலையும் கொறையும். மாட்டைக் கேட்டுப் பாரு."

இந்த வழக்கு மாதக் கணக்கில் நடந்தது. அதைப்போல ஒரு மகிழ்ச்சியான காலம் எனக்கு அதற்கு முன்பும் பின்பும் வாய்க்கவில்லை என்றுகூடச் சொல்வேன். காலையில் பல் தேய்க்கும்போது எத்தனை நிறம் காட்டும் என்று யோசிப்பேன். சார்வாள் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும்போது பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் வேகத்தைக் கணக்குப் போட்டுக் கொண்டுவருவார். ஒரு விடுமுறை நாளில் இரண்டு குடும்பமும் மணிமுத்தாறு போயிருந்தோம். எல்லோரும் அருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டிருக்க, சார்வாள் கரையில் துண்டோடு நின்று, "இந்தத் தண்ணி விழுததை அந்தத் திரையில காட்டணும்னா ஒவ்வொரு துளிக்கும் கணக்குப் போடணும்லா" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அருவி நீரின் குளிர் என்றால் அம்மா நம்பியிருப்பாள். அப்பா அருவிக்குள் இருந்தே, "அதுக்கு ஆறு கட்டையே பத்தாது" என்று சத்தம் போட்டார்.

அம்மா மட்டும் இந்த விசாரணையில் வாய் திறக்கவே இல்லை. புதுசு கடைக்கு வந்துவிட்டது, அடுத்த ஞாயிறு முடிவு சொல்ல வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அதற்கு முந்தின நாள், முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"எல்லாம் சரி. கரண்ட் போனா அது தெரியுமா?"

நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அத்தனை நாளில் அப்பாவும் நானும் சேர்ந்து சிரித்தது அதற்கு ஒன்றுக்குத்தான்.

"கலருன்னாலே வெளிச்சம்தானம்மா. கலர் டிவி பாக்கோம்லா, லைட்டை அணைச்சாத்தான அது நல்லா தெரியுது" என்றேன்.

"அதுல சந்தேகமே இல்ல" என்றார் சார்வாள். அப்பாவும், "அதெல்லாம் தெரியும், எத்தனை கட்டையானாலும் கலரு கலருதான்" என்றார். எங்கள் மூவருக்குமே கலரை அறிமுகம் செய்தது டிவிதான். வேகத்தையும் நிறத்தையும் பிட்டையும் அண்ணனிடம் ஒவ்வொரு வாரமும் குடைந்து குடைந்து கேட்ட நான், இதை மட்டும் கேட்கவில்லை. கேட்க ஏதாவது இருப்பதாகவே தோன்றவில்லை.

மறுநாள் போனில் ரெண்டு கட்டைதான் என்று சொன்னோம். அப்பா ரிசீவரை வாங்கி, "நான் சொல்லுததைச் சொல்லிட்டேன், அவ்வளவுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பங்குனி உத்திரத்துக்கு ஊரே அவரவர் குலசாமியான சாஸ்தாவின் கோயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் அண்ணன் வந்தான். கோயில் போய்த் திரும்பிய மறுநாள் காலையில் பெட்டியைப் பிரித்தான். உள்ளே இருக்கிற பச்சைத் தகடெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி ஊதா நிற மூடி. முற்றத்து வெயிலில் நான் அதை முடுக்கினேன். அதே செங்கல் விளையாட்டுதான். ஆனால் ஒரு செங்கல் சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். கீழே விழுந்து வரிசை மறைகிறபோது பளிச்சென்றது. சார்வாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "கர்த்தாவே" என்று மெதுவாகச் சொன்னார். அப்பா அதை வாங்கித் திருப்பி, பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தார். "ரெண்டுதான்" என்று மூடிவிட்டார். ஆனால் திருப்பிக் கொடுக்க நேரமாயிற்று. மூன்று ஆட்டம் ஆடிவிட்டுத்தான் கொடுத்தார்.

அம்மா பகல் முழுக்க அதைத் தொடவில்லை. வந்து போகிறவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் விளக்கேற்றி, முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வழக்கமான இடத்தில் சுவரோரம் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்தோம். கரண்ட் எப்போது போகும் என்று குடும்பமே காத்திருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

"ஆபீசுக்குச் சொல்லி நிறுத்தச் சொல்லும் அண்ணாச்சி" என்று சார்வாள் கேலி செய்தார்.

சொல்லத் தேவைப்படவில்லை. அம்மா இரண்டு வரிசை அடுக்கி முடிப்பதற்குள் போய்விட்டது.

போனதும் திரையும் போய்விட்டது. இருட்டில் அம்மாவின் கையில் அந்த விளையாட்டின் பாட்டு மட்டும் குதித்துக் குதித்து ஓடியது. செங்கல் விழுகிற சத்தம் கேட்டது, எங்கே விழுகிறது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பாட்டு வேகமெடுத்து, ஆட்டம் முடிந்ததற்கான இசையை வாசித்துவிட்டு நின்றது.

"பாட்டு நல்லா கேக்கு" என்றாள் அம்மா.

அண்ணன்தான் இருட்டில் தயங்கிச் சொன்னான். "அந்த ஆறு கட்டையில உள்ளயே லைட்டு உண்டும்மா. அதுக்குத்தான் அத்தனை கட்டை. நீங்க எல்லாரும் இதைக் கேட்டதால..."

எனக்கு அழுகை வந்தது. அப்பா இப்போது சொல்லப் போகிறார், நான் அப்பவே சொன்னேன் என்று ஊருக்கே கேட்கச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். சொன்னால் பதிலுக்குக் கத்திவிடுவது என்றும் முடிவு செய்திருந்தேன். அவர் எழுந்து உள்ளே போகிற சத்தம் கேட்டது. நாற்காலியை இழுத்தார். பீரோவின் மேலே கை துழாவியது. பிறகு தோல் உறையின் பட்டன் திறக்கிற சத்தம்.

வெளிச்சம் முதலில் சுவரில் விழுந்தது, அப்புறம் என் முகத்தில், கடைசியில் அம்மாவின் மடியில். சிவப்பும் மஞ்சளும் நீலமும் அங்கே அப்படியே இருந்தன, பகலில் பார்த்ததைவிட நன்றாக.

"ஆடு" என்றார் அப்பா.

"கட்டை தீந்துரும்" என்றாள் அம்மா.

"தீரட்டும். மிச்சக் கட்டையை யாரு குடுப்பான்னு கேட்டேம்லா. நாந்தான் குடுக்கணும் போல."

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. புது ஆட்டத்தை முடுக்கினாள். முதல் செங்கல் பாதி வழி வந்திருக்கும்.

"பைய. கையை ஆட்டாதிய" என்றாள். "இடது பக்கம் எனக்கு இருட்டா இருக்கு."

அப்பா டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் இடது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.