மஞ்சள் தேய்த்துக் கழுவிய பல்

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில், பள்ளித் திடலில் வலைப்பந்து ஆடும்போது கம்பத்தில் மோதி, மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு விழுந்துவிட்டது. தகவல் கேட்டு ஓடிய என் கையில், ஆசிரியை அதை டிஸ்யூவில் மடித்துக் கொடுத்தார்.

வீடு பக்கத்தில்தான். ரத்தச் சட்டையை மாற்றிவிட்டுப் போகலாம் என்று மகளை அங்கே அழைத்து வந்தேன். பல்லில் மண் ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டில் எந்தக் காயத்துக்கும் முதலில் மஞ்சள்தான். பழைய பிரஷ்ஷை எடுத்து, மஞ்சள்தூள் போட்டு, வேர் பளபளக்கும்வரை தேய்த்துக் கழுவினேன். பிறகுதான் குளுவாங் மருத்துவமனைக்குக் கிளம்பினோம்.

பல் மருத்துவர் இளம்பெண், தமிழர். பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இத யாரு கழுவுனது?”

“நான்தான் டாக்டர். கிருமி இருக்கக்கூடாதுன்னு நல்லா தேய்ச்சேன்.” கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன்.

“வேர் மேல மெல்லிசா ஒரு தோல் இருக்கும்மா. அதுதான் திரும்ப ஒட்ட வைக்கும். இப்ப அது இல்ல. அப்படியே பால்ல போட்டுக் கொண்டு வந்திருக்கலாம்.”

என் மடியில் மகளின் பள்ளிப்பை இருந்தது. அதற்குள், காலையில் நான் வைத்த பால் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது.

பல்லைத் திரும்பப் பொருத்திக் கம்பி கட்டினார். ஒன்றரை வருடம் நின்றது. அந்தத் தோல் இல்லாததால், அதற்குள் வேரை எலும்பு தின்றுவிட்டது. பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. கழற்றி மாட்டும் தகட்டில் ஒரு செயற்கைப் பல் கொடுத்தார்கள். கேண்டீனில் அதைக் கழற்றிவிட்டுத்தான் சாப்பிட முடிகிறது என்பதால் மகள் பள்ளியில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

நான் படித்தவள். தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. மதிய இடைவேளைகளில் எலும்பில் திருகிப் பொருத்தும் பல்லைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். பெரும்பாலானவை பல வருடம் நிலைக்கின்றன என்று இருந்தது. அச்செடுத்து, கோடு போட்டு, மருத்துவரிடம் நீட்டினேன்.

“இதெல்லாம் யார வெச்சு செஞ்ச ஆராய்ச்சின்னு பாத்தீங்களாம்மா?”

பார்க்கவில்லை. இப்போது புரட்டினால், எல்லாம் பெரியவர்கள்.

“திருகுன பல்லு நகராது. தாடை வளர வளர பக்கத்துப் பல்லுங்க கீழ இறங்கும், இது மட்டும் மேலேயே நின்னுடும். வளர்ச்சி நிக்கணும். உயரத்த குறிச்சு வைங்க. கோடு ஏறாம இருக்கணும். அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் பொறுக்கணும்.”

அன்றிலிருந்து சமையலறைக் கதவுச் சட்டத்தில் பென்சில் கோடுகள். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோதும் இதே சட்டத்தில்தான் குறித்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் கை தட்டியிருக்கிறேன். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறேன். கூடக் கொஞ்சம் சோறு வைக்கும்போதே என் கை தயங்குகிறது. பெற்ற பிள்ளை வளரக்கூடாது என்று வேண்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளை நிற்கவைத்துத் தலைமேல் ரூலரை வைத்தேன்.

“ஐயோ அலமாக், அமுக்காதீங்கம்மா! அமுக்கினா நின்னுடுமா?” என்று சிரித்தாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

நான் அமுக்கிக்கொண்டிருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கையைத் தளர்த்திக் கோடு போட்டேன். பழைய கோட்டுக்கு மேலே அரை விரற்கடை ஏறியிருந்தது.