மிஷினுக்கு விழுந்த அரைப்பேர்

நேற்று ஒருவர் கோயில் மைக்செட்டைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். "எவனோ வேணும்னே வயர கெடுத்திருக்கான்" என்றார். வயரைப் பிளந்தேன். செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. புளித்த ஈர நாற்றம் அடித்தது. கெடுத்தது தண்ணீர்தான். அந்த நாற்றம் மூக்கில் ஏறினால் எனக்கு மாரியக்கா ஞாபகம் வந்துவிடும்.

எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேக்கரி, லொறி, நானுஓயாவில் மூட்டை தூக்கல் என்று அலைந்து, தலவாக்கலையில் நஸீர் நானாவின் மின்சாமான் கடையில் ஒதுங்கினேன். எங்கேயும் நிலைக்காதவனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமிருக்காது. சீனிப் போத்தலில் ஒரு கரண்டி குறைந்தால்கூட யார் வாயில் இனிப்பு இருக்கிறது என்று பார்க்கிற ஆள் நான்.

நானாவுக்கு ஹாம் ரேடியோ பைத்தியம்; லைசன்ஸ் எடுத்துப் பொழுதுபோக்குக்கு வானலையில் பேசுகிறவர். அவரும் சிநேகிதர்களும் ஒரு தேயிலைத் தோட்டத்து மலையுச்சியில், தகரக் கொட்டகைக்குள் ரிப்பீட்டர் வைத்திருந்தார்கள். கையில் பிடிக்கும் ரேடியோவின் குரல் மலையைத் தாண்டாது. ரிப்பீட்டர் அதைப் பிடித்து, பலமாக்கித் திருப்பி அனுப்பும். மஸ்கெலியாவில் பேசினால் நானுஓயாவில் கேட்கும். மண் சரிந்து போன் வேலை செய்யாத நாட்களில் அதுதான் துணை. ஆனால் மிஷின் கிழடு. எங்கோ வெளிநாட்டில் கழித்துப்போட்டது. அதற்கு மருந்து கொடுப்பது என் வேலை.

கொட்டகைச் சாவி கீழே தொழிலாளர் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்த மாரியக்காவிடம் இருந்தது. தோள்பட்டை விட்டுப்போய், கொழுந்துச் சாக்கு தூக்க முடியாமல் இருந்தவர். நானா மாதாமாதம் கொடுத்ததுதான் அவருக்கு வருமானம். மிஷின் பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சூரியத் தகட்டைத் துடைக்கணும். காலையும் மாலையும் லயத்து வாசலில் நின்று ரேடியோவை அழுத்தி, மிஷின் பதில் சொல்கிறதா என்று பார்த்து, கொப்பியில் குறிக்கணும்.

ஒரு மழைக்காலத்தில் ரிப்பீட்டர் சண்டித்தனம் பண்ணத் தொடங்கியது. பாதி நாள் பேசும், பாதி நாள் ஊமை. நான் அட்டைக்கடியோடு மலை ஏறிப் போய், கொட்டகை வாசலில் நின்று ரேடியோவை அழுத்தினால் உடனே பதில் வரும். நான் போனால் வேலை செய்கிறது, வந்தால் நிற்கிறது. அப்போ இடையில் ஓர் ஆள் இருக்கவேண்டும், இல்லையா? லயத்துப் போனெல்லாம் எங்கள் பெட்டரியில்தான் சார்ஜ் ஏறுகிறது என்று முடிவு கட்டினேன். மாரியக்கா வீட்டு ஜன்னலில் தொங்கிய சார்ஜர்கூட எனக்குச் சாட்சியாகத் தெரிந்தது. யார் வீட்டில்தான் சார்ஜர் இல்லை.

பிறகு கொப்பியைத் திறந்தேன். சில நாளுக்குப் 'பேர்', பல நாளுக்கு 'அரைப்பேர்'. தோட்டத்தில் முழுநாள் வேலைக்குப் பேர் விழும். கொழுந்து நிறை குறைந்தாலோ, பாதியில் போனாலோ அரைப்பேர். பாதி நாள் ஊர் சுற்றியதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"அரைநாள்தான் இருந்தேன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, அக்கா."

"அது எனக்குப் போட்ட பேரு இல்ல, தம்பி. மிஷினுக்குப் போட்டது."

"மிஷினுக்கு யாராச்சும் பேர் போடுவாங்களா?"

"எனக்கு முப்பது வருசமா போட்டாங்க. அது மட்டும் என்ன, தொரை மகனா?"

பக்கத்து வாசலில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. வாய்க்கெட்டிக்காரி, நல்லாத்தான் சமாளிக்கிறாள் என்று நினைத்துச் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். நானாவிடமும் அப்படியே சொன்னேன்.

"நேரா பாத்தியா நீ?" என்றார் நானா.

"பாக்கணுமா, நானா? எழுத்துல இருக்கே."

வேறு ஆள் போட்டார்கள். ஊமைத்தனம் போகவில்லை. ஒரு வெயில் நாளில் கம்பத்தில் ஏறி, அன்டெனாவுக்குப் போகும் கேபிளின் இணைப்பைப் பிரித்தேன். சுற்றியிருந்த டேப் வெடித்திருந்தது. வெட்டினால் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது, அந்தப் பச்சை நாற்றத்தோடு. மிஷினுக்குக் காது மந்தம். அருகில் நின்று நான் கத்தியது கேட்டது. லயத்திலிருந்து மாரியக்கா கூப்பிட்டது கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். கொப்பியை மறுபடி புரட்டினேன். அரைப்பேரெல்லாம் மழையும் மப்புமான நாட்கள். பழுது எங்கே என்று அவர் தினமும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அன்றைக்கே சாவியோடு இறங்கினேன். மாரியக்காவின் லயத்துக் காம்பிரா பூட்டியிருந்தது. "கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டாங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அந்தத் தோளோடு.

போன வருஷம் ரிப்பீட்டரை நிறுத்திக் கம்பத்தை இறக்கினார்கள். அதைப் பார்க்க வந்தவர்களிடம் நானா என்னைக் காட்டி, "இவ்வளவு காலமும் இதப் பாத்துக்கிட்டவர் இவர்தான்" என்றார். நான் மறுக்கவில்லை. இப்போது மலையில் சீமெந்துத் தரை மட்டும் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் லயத்தில் இறங்கி, மாரியக்கா கொழும்பில் எங்கே என்று விசாரிப்பேன். முன்பு இருந்தவர்கள் யாருமில்லை. இருப்பவர்கள் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

"நீங்க யாரு? எதுக்குக் கேக்குறீங்க?"

கதவைப் பாதி சாத்திக்கொண்டுதான் கேட்கிறார்கள்.