பத்தெழுத்து வார்த்தை

என் தங்கை பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் ஃபெயில் ஆனவள். மறுபடி எழுதித் தேறினாள். ஆனாலும் அதற்குமேல் படிக்கவில்லை. செலியமேட்டில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். நான் ஒதியம்பட்டில் இருக்கிறேன். தனியார் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன்.

அவளுக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. அதற்கப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். அவள் புருஷனுக்கு வயல் வேலை இருக்கும் என்பதால், அந்த நாட்களில் நான் லீவு போட்டுவிட்டுக் கூட இருப்பேன். மருந்து இறங்கி முடிய நாலு மணி நேரமாவது ஆகும். பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். பேச்சு தீர்ந்தால் அவள் பாட்டிலையே பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஒரு விளையாட்டை அவளுக்குச் சொன்னேன்.

ஒருவர் மூன்று எழுத்து சொல்ல வேண்டும். அந்த மூன்றும் எங்காவது வருகிற மாதிரி இரண்டு பேரும் ஒரு வார்த்தை எழுத வேண்டும். யாருடைய வார்த்தை நீளமோ அவருக்கு, எழுத்துக்கு ஒன்று என்று பாயிண்ட்.

"என்னையப் போயி இங்கிலீஷ்ல இஸ்துவுடுறியே," என்று சிரித்தாள்.

முதல் நாள் தோற்றாள். அடுத்த முறை வரும்போது மகளின் பழைய ரஃப் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். பின்பக்கம் முழுக்க வார்த்தைகள். உர மூட்டை, மாத்திரை அட்டை, சோப்புத்தூள் பாக்கெட், பஸ்ஸில் ஒட்டியிருந்த நோட்டீஸ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி, எழுத்தை எண்ணி, பக்கத்தில் எண்ணைப் போட்டிருந்தாள். பி, எச், ஓ என்று நான் சொன்னேன். நான் ஃபோட்டோகிராஃப் என்று எழுதி, ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அவள் சூப்பர்பாஸ்பேட் என்று எழுதியிருந்தாள். பதினாலு எழுத்து. பக்கத்துக் கட்டில் பெண் என்னவென்று கேட்கும் அளவுக்குச் சிரித்தோம்.

அன்று சாயங்காலம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஸ்கேனில் முதுகெலும்பிலும் ஈரலிலும் பரவியிருப்பது தெரிவதாகச் சொன்னார். இனி கொடுக்கிற மருந்து நோயைத் தள்ளிப்போடத்தான், தீர்க்க அல்ல என்றார்.

அவளிடம் சொல்ல வேண்டாம் என்று முதலில் சொன்னது நான். அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க சொன்னா சரிதாங்க்கா. தெரிஞ்சா ஒடஞ்சிருவா," என்றார். முதுகு வலிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம் படுத்தே இருந்தால் அப்படித்தான் என்று சொன்னேன். நான் சொன்னதால் நம்பினாள்.

அவளுக்கு ஒரே பெண், எட்டாம் வகுப்பு. தான் வாந்தி எடுப்பதையும் முடி கொட்டிய தலையையும் பிள்ளை பார்க்கக்கூடாது என்று, அவளைச் சோரியாங்குப்பத்தில் அத்தை வீட்டில் விட்டு அங்கிருந்தே பள்ளிக்கு அனுப்பினாள். "ஒடம்பு சரியாயிட்டதும் கூட்டியாந்துக்கலாம்," என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நாலு மாதம் அப்படியே போனது.

ஒரு நாள் எழுத்து சொல்வது என் முறை. டி, ஏ, எஸ் என்றேன். நான் பிரேக்ஃபாஸ்ட் என்று எழுதினேன், ஒன்பது எழுத்து. அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். மெட்டாஸ்டாசிஸ் என்று, ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதியிருந்தாள். பத்து எழுத்து.

"எங்கருந்து எடுத்த?"

"என் ஃபைல்லதான். எக்ஸ்ரே ரூமுக்கு நீயே எடுத்துட்டுப் போன்னு குடுத்தாங்க. மூணு எடத்துல எழுதியிருக்குது. இன்னா அர்த்தம்க்கா?"

அவள் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

"அது மருந்து பேருடி. பேரெல்லாம் செல்லாது," என்றேன்.

"சூப்பர்பாஸ்பேட் மட்டும் செல்லுச்சே?"

"அது டிக்ஷனரியில இருக்குது. இது இல்ல."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து அந்த வார்த்தையை ஒரே கோடாக அடித்துவிட்டு, "சரி, அடுத்தது சொல்லு," என்றாள். நான் அடுத்த மூன்று எழுத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மறுமுறை வந்தபோது அவள் நோட்டைக் கொண்டுவரவில்லை. நர்ஸ் ஊசி குத்திவிட்டுப் போனாள். பிறகு மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, அந்த பத்து பாயிண்ட எனக்குப் போட்டுடு."

எனக்குப் புரிந்துவிட்டது.

"ஃபோன்லயே இருக்குதுக்கா. தமிழ்லயும் போட்டிருக்கான். பரவுறதுன்னு."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும் ஒனக்கு?" என்று கேட்டாள்.

"நாலு மாசமா."

"அவருக்கு?"

"தெரியும்."

"நான் அழுவேன்னு சொல்லலியா?"

"நீ தெம்பா இருக்கணும்னுதான்..."

"தெம்பா இருந்து இன்னா பண்ண நானு? பாப்பாவ நாலு மாசம் அங்க கொண்டுபோயி வுட்டிருக்கேன்க்கா. சரியாயிடும்னு நெனச்சித்தான வுட்டேன். தெரிஞ்சிருந்தா ஒரு நாள் வுட்டிருப்பனா?"

அவள் கைமேல் என் கையை வைத்தேன். என் கையைத் தள்ளிவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. பாட்டில் தீரும்வரை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அன்றைக்கே சோரியாங்குப்பம் போய் மகளைக் கூட்டிவந்தார்கள். அதற்கப்புறம் தங்கை மருந்து ஏற்ற வரவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் செலியமேடு போவேன். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, குழம்புக்குப் புளி எவ்வளவு, அப்பாவுக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். பேசப் பேச மூச்சு வாங்கும். என்னை, "வாக்கா, சாப்ட்டியா?" என்று கேட்பாள். அதற்குமேல் பேச்சு இருக்காது. விளையாடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "வாணாம்க்கா," என்றாள்.

ஆறு வாரம் இருந்தாள். கரும்பு வெட்டுக்கு முன்னால் போய்விட்டாள். பிள்ளையின் மடியில் தலை வைத்தபடிதான் போனாள் என்று தங்கை புருஷன் சொன்னார். நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.

காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, தங்கை மகள் என்னிடம் வந்து நின்றாள்.

"பெரியம்மா, அம்மாக்கு சரியாவாதுன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவளிடமும் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"நான் அங்க இருந்தப்ப, சரியாயிடும்மான்னு தெனம் ஃபோன் பண்ணிச் சொல்லுவேன் பெரியம்மா," என்றாள். பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள்.

இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அப்பாவோடு ஒதியம்பட்டுக்கு வருவாள். நான் வைத்ததைச் சாப்பிடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாள். ஒரு ராத்திரிகூட என் வீட்டில் தங்கியதில்லை. தங்கச் சொல்லி நானும் வற்புறுத்துவதில்லை.