பாரம் உள்ளவர்கள் கையை உயர்த்தலாம்

யாராவது தன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினால் பெரியப்பா முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். விழுந்துவிடாது என்று உறுதி செய்ய மேலே ஒரு தட்டு. எதிரில் இருப்பவர் "அண்ணே, ஒரு சின்ன உதவி" என்பதில் "உத" வரை வந்திருப்பார். அதற்குள் பெரியப்பாவின் வலது கை எழும்பிவிடும், இமைகள் கடை ஷட்டர் போல இறங்கிவிடும்.

"ஜெபிப்போமா?"

அதன்பின் யாரும் எதையும் கேட்க முடியாது. ஆமென் சொன்ன பிறகும் உதவி கேட்டால் கர்த்தரை நம்பாதவர் ஆகிவிடுவோமே என்ற பயம். கண்ணாடி மூக்குக்குத் திரும்பும்போது வந்தவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்.

தண்ணீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவர் பெரியப்பா. குழாயில் தண்ணீர் வராததற்கு அவர் பொறுப்பில்லை, வரவில்லை என்று எழுதிக்கொள்வதற்கு மட்டுமே பொறுப்பு. "பதிவு பண்ணியாச்சு" என்பார், ஜன்னலைச் சாத்துவார். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் அதே வேலைதான். புகார் போகும் இடம் மட்டும் இன்னும் மேலே.

ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்லும் சாட்சி நேரம் அவருடையது. தொலைந்த சாவி கிடைத்தது ஒரு சாட்சி. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது ஒரு சாட்சி. ஒருமுறை மழை அவர் வீடு சேரும்வரை காத்திருந்தது. மைக்கைப் பிடித்தால் உலகமே அவர் வசதிக்காக ஓடுவது போலிருக்கும்.

"சாவிய சோபாவுக்கு அடியில இருந்து எடுத்துக் குடுத்தது நான்" என்பார் பெரியம்மா. "சாட்சியில என்னைக் காணோம்."

எங்கள் கட்டடத்தில் நான்காவது மாடியில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர். லிஃப்ட் கிடையாது. இரண்டு வருடமாக அவர் தெருவைப் பார்த்ததில்லை. துணி தைத்துக் குடும்பத்தை ஓட்டிய அவர் மனைவி அடுத்த தெருவில் தரைத்தளத்தில் ஓர் அறை பிடித்திருந்தார். கதவைத் திறந்தால் தெரு, நாற்காலியைப் போட்டால் போகிற வருகிற பஸ்ஸெல்லாம் தெரியும். ஆனால் அந்த வீட்டுக்காரர் கறாரானவர்: சனிக்கிழமை இருட்டுவதற்குள் குடிவராவிட்டால் காத்திருக்கும் வேறு ஆளுக்குச் சாவி போய்விடும். பாத்திரங்களை அந்த அக்கா ஒவ்வொரு கூடையாகத் தானே இறக்கிவிட்டார். தையல் மிஷின், கட்டில், புருஷன், இந்த மூன்றும்தான் பாக்கி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் கூடத்தில் நடந்த ஜெபக் கூட்டத்துக்கு வந்து சொன்னார்.

"அண்ணே, அவரைக் கீழ இறக்க நாலு பேர் இருந்தா..."

கண்ணாடி ஏற்கெனவே பைக்குள் போயிருந்தது.

"சிஸ்டர், கேக்கவே எனக்குப் பாரமா இருக்கு" என்றார் பேங்க் பிரதர்.

"எனக்கு நேத்து ராத்திரியே ஒரு பாரம்" என்றார் தலைமையாசிரியை. முந்தின நாளே பாரம் வந்ததில் அவருக்கு ஒரு முன்னுரிமை இருந்தது.

பெரியப்பா கண்ணை மூடியபடியே அறிவித்தார். "இந்தக் குடும்பத்துக்காகப் பாரம் உள்ளவங்க கையை உயர்த்தலாம்."

கூடம் முழுக்கக் கைகள். வாசலோரம் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். சின்ன லோடு வண்டி ஓட்டுபவர், சபைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவரும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார். ஜெபம் படைப்பில் தொடங்கி, வனாந்தரம் வழியாக, பிஸ்கட்டில் முடிந்தது.

மறுநாள் காலை கதவைத் தட்டியது அந்த வண்டிக்காரர்தான். தோளில் கயிறு, கையில் பழைய சாக்கு.

"ஸ்தோத்திரம் பிரதர். பாரம் மேலதானே இருக்கு? மத்தவங்க எங்க?"

"எந்த மத்தவங்க?"

"நேத்து அத்தனை பேரு கை தூக்குனாங்களே. அதை நம்பி ஒரு வாடகை லோடை வேணாம்னுட்டு வந்திருக்கேன்."

பெரியப்பாவின் கை கண்ணாடிக்குப் போனது. பெரியம்மா முந்திக்கொண்டார். "கண்ணாடி இருக்கட்டும். போனை எடுங்க."

பேங்க் பிரதருக்கு உபவாசம், பளு தூக்கக்கூடாது. இன்னொருவருக்கு இதில் தேவ நடத்துதல் கிடைக்கவில்லை, கிடைத்ததும் கூப்பிடுவதாகச் சொன்னார். தலைமையாசிரியையின் குரல் ஸ்பீக்கரில் தேன் போல வழிந்தது. "காலையில இருந்து ஜெபத்துல உங்களைத் தாங்கிக்கிட்டே இருக்கோம் பிரதர்!"

"கட்டிலுக்கு ஒரு கால் பக்கம் தாங்கினா போதும்னு சொல்லுங்க" என்றார் வண்டிக்காரர்.

கட்டிலும் மிஷினும் எப்படியோ இறங்கின. கடைசியாகக் கண்டக்டர். அவரைக் கைப்பிடி வைத்த மர நாற்காலியில் உட்காரவைத்து, பழைய போர்வையால் இடுப்பைக் கட்டினார்கள். கீழ்ப்பக்கம் வண்டிக்காரர் பின்னோக்கி இறங்க, மேலே நாற்காலி முதுகைப் பெரியப்பா பிடித்தார். நான் தலையணையும் மருந்துப் பையுமாக முன்னால் போனேன்.

"போலாம் ரைட்!" என்றார் கண்டக்டர். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் அந்தச் சொல் மட்டும் குழறவில்லை.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நின்றார்.

"படியில நிக்காதீங்க சார். உள்ள போங்க, உள்ள போங்க."

"அவர் கிண்டலை அடக்கச் சொல்லும்மா" என்று பெரியப்பா, மேல்படியில் பின்னால் வந்த அந்த அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"அது அடங்கியிருந்தா நான் எப்பவோ கரையேறியிருப்பேன் அண்ணே" என்றார் அந்த அக்கா.

இரண்டாவது மாடியைத் தாண்டும்போது கை வலித்திருக்க வேண்டும். "ஆண்டவரே" என்றார் பெரியப்பா. வாழ்நாள் பழக்கம், கண்கள் மூடிக்கொண்டன. நாற்காலி இடது பக்கம் சாய்ந்தது. கண்டக்டர் நல்ல கையால் கம்பியைப் பற்றினார்.

"பிரதர்! கண்ணைத் திறங்க!" வண்டிக்காரர் கத்தினார்.

"என்னாச்சு? டிரைவர் தூங்கிட்டாரா?" கண்டக்டருக்குப் பின்னால் நடப்பது தெரியாது.

"ஜெபம் பண்றாரு."

"பண்ணட்டும். அவர்கிட்ட எவ்வளவு வேணா பேசட்டும். ஆனா சார், ரோட்டைப் பாத்துப் பேசுங்க."

பெரியப்பா கண்ணைத் திறந்தார். வேர்வை கண்ணாடிக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை, மூட வழியில்லை. வாய் மட்டும் ஓடியது. படைப்பும் இல்லை, வனாந்தரமும் இல்லை. "ஆண்டவரே, படி. ஆண்டவரே, இன்னொரு படி. ஆண்டவரே, இது உடைஞ்ச படி." அவ்வளவு குட்டி ஜெபத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு படியிலும் கண்டக்டர் ஆமென் என்பதற்குப் பதிலாக "ரைட்" என்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே புது அறை வாசலில் நாற்காலியை இறக்கினோம். வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். ஒரு பஸ் போனது. கண்டக்டர் அதை முழுக்கப் பார்த்தார், பிறகு பெரியப்பாவைக் கிட்டே வரச் சொல்லிக் காதில் ஏதோ சொன்னார். நான் வண்டியிலிருந்து தலையணையை எடுத்துவரப் போனதால் என்னவென்று எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் சாட்சி நேரம். தலைமையாசிரியை எழுந்து, நேற்று பகல் முழுக்க முழங்காலில் நின்று ஒரு குடும்பத்தை நான்கு மாடி இறக்கியதாகச் சொன்னார். சபை கைதட்டியது. மைக் பெரியப்பா பக்கம் வந்தது.

"எந்திரிங்க" என்று பெரியம்மா இடித்தார். "ஆயுசுல இன்னைக்குத்தான் சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு."

பெரியப்பா வீங்கிப்போன உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மைக் அவரைத் தாண்டிப் போனது. அடுத்த வாரமும் சொல்லவில்லை, அதற்கடுத்த வாரமும். தாழ்மைக்கு உதாரணமாகப் போதகர் பிரசங்கத்தில் அவரைக் காட்டினார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ரொம்ப நாள் கழித்து ஒரு பேன்ட்டைச் சுருக்கித் தைக்க அந்த அக்காவிடம் கொடுத்தபோது, பேச்சுவாக்கில் அதைச் சொன்னார். கண்டக்டர் அன்று பெரியப்பா காதில் சொன்னது நன்றி இல்லை.

"சார், என்னை மட்டும் சாட்சியாச் சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா, மறுபடி நாலாவது மாடியில கொண்டுபோய் விடணும்."