ரோட்டர்வேனுக்குச் சமையல் எண்ணெய்

கிரீஸ் போடுகிறவன் நல்ல பெயர் எடுத்ததாக எந்தத் தொழிற்சாலையிலும் சரித்திரம் கிடையாது. ஓடினால் அது நல்ல மெஷின், நின்றால் நாம் சோம்பேறி. உங்களில் யாராவது கிரீஸ் கன் பிடித்திருந்தால் இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

காய்ந்த கொழுந்து

மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தேன். என் பொறுப்பில் இருந்தது ரோட்டர்வேன். முறுக்குக் குழல் மாதிரிதான். வாடிய கொழுந்தை ஒரு பக்கம் போட்டால், உள்ளே சுழலும் தண்டு அதை நெருக்கித் தள்ளி, மறுபக்கம் நசுக்கித் துப்பும். கொழுந்தின் சாறுதான் அதற்கு வழுவழுப்பு. ரொம்பக் காய்ந்திருந்தால் உருளை சூடேறி, இலை உள்ளேயே வெந்துவிடும்.

ஒருநாள் உருளையில் கை வைக்க முடியவில்லை. அவித்த கீரை வாடை வேறு. நிறுத்தலாமா என்று மேற்பார்வை பார்க்கும் கிராணியிடம் கேட்டேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "நீ கிரீஸ மட்டும் பாரு லா செல்வம், கொழுந்தப் பாக்கத்தான் நான் இருக்கேன்ல."

பிரிஞ்சாங் சரக்கு

இப்படியே சூடேறிச் சூடேறி, பேரிங் பக்கத்து ரப்பர் சீல் தேய்ந்து, கிரீஸ் கொழுந்தில் கசிய ஆரம்பித்தது. புது சீல் கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். கிராணி பிரிஞ்சாங் டவுனுக்குப் போய், கிரீஸுக்குப் பதிலாக ஊற்று என்று ஒரு சமையல் எண்ணெய் பாக்கெட்டோடு வந்தார். வாயில் போகிற எண்ணெய் கசிந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது அவர் கணக்கு. பேரிங் சூட்டுக்கு இது நிற்காது, பிசினாகிவிடும் என்றேன். முறைத்தார். ஊற்றினேன்.

எங்கள் தேயிலையை வாங்கி விற்கும் கடைக்காரர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்: "அண்ணே, இது தேத்தண்ணியா, பீசாங் கோரேங் வாழைப்பழம் பொரிச்ச சட்டிய கழுவுன தண்ணியா?"

துரை அறையில்

கடைசியில் பேரிங் இறுகி, தண்டு முறிந்தது. அரைபடாத கொழுந்து குவிந்து புளித்தது. தோட்ட மேனேஜரான துரை விசாரணைக்குக் கூப்பிட்டார். வேலை போனால் லயத்து வீடும் போகும்; அது வேலைக்காரர்களுக்குத் தோட்டம் கொடுத்த வரிசை வீடு. என் மனைவி பிறந்ததே அந்த லயத்தில்தான். அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

கிராணி சொல்லித்தான் ஊற்றினேன் என்றேன். அவர் மறுக்கவே இல்லை, அதுதான் கொடுமை. நிதானமாகச் சொன்னார்: "நான் ஆயிரம் சொல்லுவேன் சார், ஊத்துன கை அவனோடதுதானே?"

வீடு காலி

திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஒன்றைப் பேசி வரவழைத்தோம். என் மனைவி அழவில்லை. காலி வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

சாமான் ஏற்றி முடிக்கவில்லை, அதற்குள் புது பிட்டர் கோலா தெர்லாவிலிருந்து மனைவி, கைக்குழந்தையோடு வந்து வாசலில் நின்றான். பாவம், பீரோவைத் தூக்க அவனும் ஒரு கை கொடுத்தான். சாவியை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, இங்க கிராணி எப்படி, நல்ல மனுஷன்தானே?"

தேய்ந்தது சீல், மாற்றியது ஆளை. எங்கள் தோட்டத்தில் பராமரிப்பு என்றால் அவ்வளவுதான்.